ஒரு அனெல்கா பெனால்டிய வெச்சு ஷ்மைக்கேல மட்டம் தட்டாதீங்க

திருச்சி_டெவில்:
மேன்செஸ்டர் யுனைடெட்டோட பெஸ்ட் கோல் கீப்பர் யாருங்கற பேச்சுல நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, "மாஸ்கோல வான் டெர் சார் புடிச்ச அந்த ஒரு பெனால்டிக்கு முன்னாடி ஷ்மைக்கேலோட எட்டு வருஷமும் சும்மா கத்தல்தான்"னு. அதுக்கு நாப்பது பேர் லைக் வேற. மேன்செஸ்டர் யுனைடெட் ஃபேன்னு சொல்லிக்கிட்டு இத எப்படி எழுத முடியுதுன்னு எனக்குப் புரியல. 1991ல பிரான்ட்பில இருந்து அஞ்சு லட்சம் பவுண்ட சொச்சத்துக்கு வந்த மனுஷன், அஞ்சு லீக், மூணு எஃப்ஏ கப், கடைசில கேம்ப் நூல கேப்டனா நின்னு சாம்பியன்ஸ் லீக் கோப்பையத் தூக்கிட்டுப் போனாரு. மாஸ்கோல 2008 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், பெனால்டி ஷூட்அவுட்ல செல்சியோட அனெல்கா அடிச்சத வான் டெர் சார் புடிச்சதும் கோப்பை நமக்கு, சரி. அந்த அனெல்கா பெனால்டி என்ன பெரிய சேவா? இடுப்பு உயரத்துல, கீப்பர் கை எட்டுற இடத்துல வந்த பந்து. அந்த உயரத்துல அடிச்சா எந்த நல்ல கீப்பரும் புடிப்பான். திரும்பப் போய் வீடியோ பாருங்க.

எட்வின்1:
அத எழுதுனது நான்தான். பேரச் சொல்லியே கேக்கலாமே, "ஒருத்தர்"னு எதுக்கு? எழுதுனதுல ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன். அந்த சேவ் பந்து காலுல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. செல்சி ஆளுங்க பெரும்பாலும் வான் டெர் சாரோட இடது பக்கமே அடிச்சுக்கிட்டு வந்தாங்க. அனெல்கா வந்து நின்னதும் இவர் கைய இடது பக்கம் நீட்டிக் காட்டுனாரு, "நீயும் இங்கதான அடிக்கப் போற"ங்கற மாதிரி. அனெல்கா குழம்பிப் போய் பக்கத்த மாத்துனான், இவரு வலது பக்கம் பாஞ்சாரு. இடுப்பு உயரத்துக்கு அந்தப் பந்து ஏன் வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. மூளையால புடிச்ச பெனால்டி அது.

திருச்சி_டெவில்:
வந்துச்சுல்ல? இடுப்பு உயரத்துல வந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

எட்வின்1:
நான் எங்க ஒத்துக்கிட்டேன்? காரணத்தச் சொன்னேன்.

தேவ்_சேவ்ஸ்:
ரெண்டு பேரும் 545 மேட்ச் ஆடுன டி ஹெயாவ மறந்துட்டீங்க. 190 கிளீன் ஷீட், அதாவது கோலே வாங்காத மேட்ச், கிளப் ரெக்கார்டு. ஷ்மைக்கேலுக்கு 180. 2014க்கு அப்புறம் டி ஹெயா முன்னாடி விடிச், ஃபெர்டினாண்ட் மாதிரி டிஃபென்டர் யாரும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் டிஃபென்ஸ் மாறும், மேனேஜர் மாறுவாரு, கோல் போஸ்ட்ல மட்டும் அதே ஆளு. 2017 டிசம்பர்ல ஆர்சனலோட எமிரேட்ஸ் மைதானத்துல 14 சேவ் பண்ணி 3-1 ஜெயிக்க வெச்சாரே, அந்த மேட்ச்ல வேற எவன் நின்னுருந்தாலும் ஆர்சனல் அஞ்சு போட்டுருக்கும். கிளப்போட பிளேயர் ஆஃப் தி இயர் அவார்டு நாலு தடவ. ஒரு கீப்பருக்கு நாலு தடவ குடுத்தாங்கன்னா அந்த டீம் எந்த லட்சணத்துல இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க.

திருச்சி_டெவில்:
தம்பி, 545ல 190, 398ல 180. வகுத்துப் பாருங்க. ஒண்ணு நூத்துக்கு 35, இன்னொண்ணு 45. அப்புறம் வாங்க. பெனால்டி பத்திப் பேசுற இடத்துல டி ஹெயா பேர எடுக்கவே கூடாது. 2021 யூரோப்பா ஃபைனல்ல வில்லாரியல் 11 பேரும் அடிச்சாங்க, ஒண்ணையும் புடிக்கல, கடைசில தானும் போய் மிஸ் பண்ணிட்டு வந்தாரு. அதுவும் எந்தத் தேதில? மே 26. கேம்ப் நூல 1999ல ஜெயிச்ச அதே மே 26.

தேவ்_சேவ்ஸ்:
தேதிக்கெல்லாம் டி ஹெயா பொறுப்பா? 2021 செப்டம்பர்ல வெஸ்ட் ஹாம் மேட்ச், கடைசி நிமிஷத்துல பெனால்டி அடிக்கறதுக்குன்னே மார்க் நோபுள உள்ள இறக்குனாங்க. அதப் புடிச்சது யாரு? 2014ல எவர்ட்டன் மேட்ச்ல பெயின்ஸ் பெனால்டியப் புடிச்சது யாரு? பிரீமியர் லீக்ல அதுவரைக்கும் பெயின்ஸ் ஒரு பெனால்டி கூட விட்டதில்ல. வேணும்கறத மட்டும் ஞாபகம் வெச்சுக்கறது உங்க பழைய பழக்கம். போன வருஷம் ரூனி விவாதத்துலயும் இதேதான் பண்ணீங்க.

முனிச்58:
ஒரு சின்ன கேள்வி. "பெஸ்ட்"னா எத வெச்சுச் சொல்றோம்? கோப்பையா, சேவா, எத்தன வருஷம் நின்னாருங்கறதா? அத முடிவு பண்ணிட்டுப் பேசுனா நல்லாருக்கும். இதுவரைக்கும் ஒருத்தரும் 1990க்கு முன்னாடி போகவே இல்ல. 1968 ஐரோப்பிய கோப்பை ஃபைனல், வெம்ப்ளில பென்ஃபிகா கூட, ஸ்கோர் 1-1, ஆட்டம் முடியப் போற நேரம், யூசேபியோ தனியா வந்து அடிச்ச பந்த அலெக்ஸ் ஸ்டெப்னி நெஞ்சோட அணைச்சுப் புடிச்சாரு. அது உள்ள போயிருந்தா 4-1ம் இல்ல, முதல் ஐரோப்பிய கோப்பையும் இல்ல. யூசேபியோவே நின்னு கை தட்டிட்டுப் போனாரு.

திருச்சி_டெவில்:
அண்ணே, ஸ்டெப்னி மேல மரியாதை உண்டு. ஆனா பேச்சு அனெல்கா பெனால்டி பத்தி. இப்ப 1999 ஏப்ரல் 14, வில்லா பார்க், ஆர்சனல் கூட எஃப்ஏ கப் செமி ரீப்ளே. கீன் ரெட் கார்டு வாங்கிப் போயாச்சு, பத்து பேர், 1-1, 90 நிமிஷம் முடிஞ்சு இஞ்சுரி டைம் ஓடுது, ஃபில் நெவில் பார்லரத் தள்ளி விட்டு பெனால்டி. அடிக்க வர்றது பெர்க்கேம்ப். அன்னிக்கி அது உள்ள போயிருந்தா லீக், எஃப்ஏ கப், சாம்பியன்ஸ் லீக்னு மூணும் ஒரே சீசன்ல ஜெயிச்ச அந்த ட்ரெபிளே கிடையாது, எக்ஸ்ட்ரா டைம்ல கிக்ஸ் ஓடிப் போய் கோல் போட்ட அந்த ஓட்டமும் ஓடியிருக்க மாட்டாரு. ஷ்மைக்கேல் இடது பக்கம் பாஞ்சு தள்ளிவிட்டாரு. விரலும் காட்டல, நாடகமும் போடல. அதுக்கப்புறம் பெர்க்கேம்ப் ஆர்சனலுக்கு பெனால்டியே அடிக்கல. எந்த சேவுக்கு எந்த சேவ் ஈடு?

கூனர்_கோவை:
ஆர்சனல் ஃபேனா சொல்றேன், பெர்க்கேம்ப் அடிச்சது மட்டும் என்ன மேல் மூலைக்கா போச்சு? அதுவும் கீப்பருக்கு வசதியான உயரம்தான். எங்களுக்கு இன்னிக்கும் வயிறு எரியற பந்து அது, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. அனெல்கா அடிச்சது மோசம்னா இதுவும் மோசம்.

எட்வின்1:
கேட்டீங்களா? எதிரணி ஆளே சொல்லிட்டாரு.

திருச்சி_டெவில்:
ஆர்சனல்காரன் வந்து சொல்லி நாங்க கத்துக்கணுமா? பெர்க்கேம்ப் ஓடி வந்து முழு பலத்தோட அடிச்சாரு. அனெல்கா எக்ஸ்ட்ரா டைம்ல உள்ள வந்தவன், மழைல, மனசே இல்லாம ஏழாவது ஆளா வந்து அடிச்சான். முகத்தப் பாத்தாலே தெரியும் அவனுக்கு அடிக்க விருப்பமே இல்லைன்னு. அதுக்கு முன்னாடி ஜான் டெர்ரி பெனால்டிக்கு உங்க எட்வின் எந்தப் பக்கம் பாஞ்சாரு? தப்பான பக்கம். டெர்ரி வழுக்கி போஸ்ட்ல அடிக்கலைன்னா அங்கயே கதை முடிஞ்சு செல்சி கோப்பையத் தூக்கியிருக்கும், அனெல்கா வரைக்கும் வந்தே இருக்காது. அதிர்ஷ்டம்னா அதான்.

எட்வின்1:
அதிர்ஷ்டமா? 2008-09ல லீக்ல 1311 நிமிஷம் கோல் வாங்காம நின்னாரே, அதுவும் அதிர்ஷ்டமா? தொடர்ந்து 14 லீக் மேட்ச். நவம்பர்ல ஆர்சனல் கிட்ட நாஸ்ரி கோல் வாங்குனது, அடுத்தது மார்ச் மாசம் நியூகாசில்ல. 2007 கம்யூனிட்டி ஷீல்டுல செல்சியோட மூணு பெனால்டியும் வரிசையா புடிச்சாரு, அப்பவும் எல்லாரும் மனசு இல்லாமத்தான் அடிச்சாங்களா? காலால பந்து ஆடுறத எடுத்துக்கோங்க. அயாக்ஸ்ல வளந்தவரு, ரெண்டு காலும் ஒரே மாதிரி. ஃபெர்டினாண்ட் பின்னாடி பாக்காமலே பாஸ் குடுப்பாரு, அங்க ஆள் இருப்பாருன்னு தெரியும். ஷ்மைக்கேல் தன் டிஃபென்டர்களையே திட்டித் தீர்ப்பாரு. இவர் இருந்த இடத்துல சத்தமே இருக்காது, டிஃபென்ஸ் தன்னால நிம்மதியா ஆடும்.

திருச்சி_டெவில்:
அந்த நியூகாசில் கோல் எப்படி வந்துச்சுன்னு சொல்லலையே? குட்டியரஸ் அடிச்ச பந்த உங்க ஆளு கைல இருந்து நழுவ விட்டு, லோவன்கிரான்ட்ஸ் தட்டிவிட்டுட்டுப் போனான். அந்த 1311 நிமிஷமும் அவருக்கு முன்னாடி விடிச், ஃபெர்டினாண்ட், எவ்ரா நின்னாங்க. என்னையே நிக்க வெச்சிருந்தாலும் பாதி நிமிஷம் கோல் வந்திருக்காது.

தேவ்_சேவ்ஸ்:
அதே கணக்குல ஷ்மைக்கேல் முன்னாடி மட்டும் யாரு நின்னா? ப்ரூஸ், பாலிஸ்டர், இர்வின். கடைசி வருஷம் ஸ்டாம். டி ஹெயாவுக்கு அதுல பாதி குடுத்திருந்தா எங்கயோ போயிருப்பாரு. 2019ல வெம்ப்ளில ஸ்பர்ஸ் மேட்ச், செகண்ட் ஹாஃப்ல மட்டும் 11 சேவ், பாதி காலால. அந்தக் கால் சேவ் அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல யாரு பண்ணா?

திருச்சி_டெவில்:
ஷ்மைக்கேல் பண்ணாரு! ஹேண்ட்பால் ஆடுன ஆளு, கை கால் நாலையும் விரிச்சு நட்சத்திரம் மாதிரி குதிப்பாரு, ஒன் ஆன் ஒன்ல முன்னாடி வர்றவனுக்கு கோல் போஸ்ட்டே தெரியாது. பந்த எடுத்தா கையாலயே பாதி மைதானத்துக்கு எறிவாரு, அந்தப் பக்கம் கிக்ஸும் கான்செல்ஸ்கிஸும் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருப்பாங்க. 1996 மார்ச்ல நியூகாசில் முதல் பாதி முழுக்க வந்து மோதுச்சு, லெஸ் ஃபெர்டினாண்ட் தனியா வந்து அடிச்சதையெல்லாம் தடுத்தாரு, கன்டோனா ஒண்ணு போட்டாரு, 1-0. அந்த லீக் அங்கதான் கைல வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல ரேபிட் வியன்னா மேட்ச், கீழ போன ஹெட்டர தோண்டி எடுத்து மேல அனுப்புனாரே, அத 1970 உலகக் கோப்பைல பீலே ஹெட்டர கார்டன் பேங்க்ஸ் தடுத்த சேவோட சேத்துப் பேசுறாங்க. அனெல்கா பெனால்டிய யாரு கூட சேத்துப் பேசுறாங்க?

எட்வின்1:
1996 சொல்றீங்கல்ல, அதே வருஷம் அக்டோபரையும் சொல்லுங்க. அதே நியூகாசில் கிட்ட 5-0, ஃபிலிப் ஆல்பர்ட் தலைக்கு மேல சிப் பண்ணிட்டுப் போனாரு. அடுத்த வாரமே சவுத்தாம்ப்டன் கிட்ட 6-3. எங்க போச்சு நட்சத்திரம்?

திருச்சி_டெவில்:
அந்த சீசன் லீக் யாரு ஜெயிச்சா?

எட்வின்1:
ஷ்மைக்கேல் போன அடுத்த சீசன் யாரு ஜெயிச்சா? 2000ல 18 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சோம். அதுவும் பாஸ்னிச், தைபி மாதிரி கீப்பருங்கள எல்லாம் நிக்க வெச்சு. லி டிசியே உருட்டிவிட்டது தைபி கால் சந்துல போச்சே, அந்த சீசன்லயே 18 பாயிண்ட். அப்ப கோப்பைய வெச்சு கீப்பர எடை போடலாமா?

திருச்சி_டெவில்:
லீக்கதான் ஜெயிச்சீங்க, ஐரோப்பால என்ன கிழிச்சீங்க? அப்புறம் வந்த கீப்பர் பார்த்தேஸ் டெபோர்ட்டிவோ கிட்ட என்ன பண்ணாரு? டிம் ஹோவர்டு 2004ல போர்ட்டோ மேட்ச்ல கடைசி நிமிஷம் பந்தத் தட்டி கோஸ்டின்யா காலுலயே குடுத்தாரு. ஆறு வருஷம் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கல. ஷ்மைக்கேல் இல்லாத மேட்ச் எப்படி இருக்கும்னு 1994லயே தெரிஞ்சுபோச்சு, வெளிநாட்டு ஆளு இத்தன பேர்தான்ங்கற கணக்குக்காக அவர வெளிய உக்கார வெச்சுட்டு கேரி வால்ஷ இறக்குனாங்க, பார்சிலோனா 4-0. ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும் விளையாடுனது இன்னும் கண்ணுல நிக்குது.

எட்வின்1:
வான் டெர் சார் எந்தக் காலத்துலயும் ஷ்மைக்கேல் மாதிரி எதிரி மேன்செஸ்டர் சிட்டிக்குப் போகல. அத மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

தேவ்_சேவ்ஸ்:
ஆமா, 2002ல மெயின் ரோடுல சிட்டி 3-1 ஜெயிச்சப்ப அந்தப் பக்கம் போஸ்ட்ல நின்னது யாரு? கேரி நெவில் கை குடுக்க மாட்டேன்னு போனது யாருக்கு?

திருச்சி_டெவில்:
ரியல் மாட்ரிட் போறதுக்கு 2015ல கையெழுத்து வரைக்கும் போய், பேப்பர் நேரத்துக்குப் போய்ச் சேராததால தங்குன ஆளோட ரசிகர் விசுவாசத்தப் பத்திப் பேசுறாரு. யுனைடெட்டுக்கு எல்லாத்தையும் குடுத்துட்டு, 1999ல உச்சத்துல வெளிய போய், போர்ச்சுகல் சுத்தி, வில்லாவுல ஆடிட்டு கடைசி ஒரு வருஷம் சிட்டில நின்னாரு. அதுக்கும் அனெல்கா பெனால்டிக்கும் என்ன சம்பந்தம்?

முனிச்58:
விசுவாசம்னு ஆரம்பிச்சாச்சுன்னா அந்தக் கால யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக்குக்கு அப்புறம்தான் எல்லாரும். 1957 டிசம்பர்ல 23,500 பவுண்ட், அன்னிக்கி ஒரு கீப்பருக்கு உலகத்துலயே பெரிய தொகை. ரெண்டு மாசத்துல யுனைடெட் டீம் போன விமானம் முனிச்சுல விபத்து. எரியற விமானத்துக்குள்ள திரும்பப் போய் ஒரு கைக்குழந்தையயும் அதோட அம்மாவையும் வெளிய கொண்டு வந்தாரு, பாபி சார்ல்டனையும் வயலட்டையும் இழுத்துப் போட்டாரு. அதே வருஷம் உலகக் கோப்பைல சிறந்த கீப்பர். யுனைடெட்ல ஒரு மெடல் கூட இல்ல அவருக்கு. மெடல எண்ணிக்கிட்டே இருக்கீங்க எல்லாரும்.

தேவ்_சேவ்ஸ்:
அண்ணே, அவரோட வீரத்துக்கு தலை வணங்குறேன். ஆனா கீப்பிங் பத்திப் பேசுறோம். நீங்க அவரு ஆடுனத பாத்திருக்கீங்களா?

முனிச்58:
உங்கள்ல யாரு ஷ்மைக்கேல் ஆடுனத பாத்தீங்க? உங்க வயசுக்கு யூடியூப்தான.

திருச்சி_டெவில்:
நான் பாத்தேன், நேரலைல பாத்தேன். கேம்ப் நூ ஃபைனல் நம்ம ஊர்ல நடுராத்திரி தாண்டி ஓடுச்சு, கீனும் ஸ்கோல்ஸும் சஸ்பென்ஷன், 90 நிமிஷம் முடிஞ்சு 1-0 பின்னாடி, கார்னருக்கு ஷ்மைக்கேல் பச்சை சட்டையோட எதிர் பாக்ஸுக்குள்ள ஓடி வந்தாரு. பயர்ன் டிஃபென்டருங்க பூரா யாரப் புடிக்கறதுன்னு தெரியாம நின்னாங்க. அதுல வந்ததுதான் ஷெரிங்காம் கோல்.

எட்வின்1:
ஷ்மைக்கேல் பந்தத் தொடவே இல்ல அதுல. தாண்டிப் போய் யோர்க் தலைல பட்டுச்சு.

திருச்சி_டெவில்:
தொடணும்னு அவசியமே இல்ல! அவரு வந்ததாலதான் அவங்க கலைஞ்சாங்க.

எட்வின்1:
ஓ. பந்தத் தொடாம வந்து நின்னதுக்கு ஷ்மைக்கேலுக்கு பாராட்டு, பந்தத் தொட்டுத் தள்ளி கோப்பைய வாங்கிக் குடுத்த வான் டெர் சார் மட்டும் அதிர்ஷ்டசாலி. நல்ல நியாயம்ணே.

திருச்சி_டெவில்:
இடுப்பு உயரத்துல வந்த பந்தத் தொட்டாரு. இடுப்பு உயரத்துல. எத்தன தடவ சொன்னாலும் அதுக்கு மட்டும் பதில் வர மாட்டேங்குது.

கூனர்_கோவை:
பெர்க்கேம்ப் பந்தும் இடுப்பு உயரம்தான்.

திருச்சி_டெவில்:
உங்கள யாரும் கூப்பிடல. நாளைக்கி ரெண்டு பெனால்டியோட வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் போடுறேன், கோல் லைன்ல இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்னு கோடு போட்டுக் காட்டுறேன். அதுக்கப்புறம் யாரு என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்.

எட்வின்1:
போடுங்க. அனெல்கா ஓடி வர்றதுக்கு முன்னாடி அந்தக் கை நீட்டுறது தெரியற மாதிரி ஆரம்பத்துல இருந்து போடுங்க, உங்க வசதிக்கு வெட்டிப் போடாதீங்க.