கோடையில் அசை குறைவு, குளுக்கோஸ் 36: எருமைக்கு லிவர் டானிக் தேவையா?

கேள்வி (கரூர் பக்கம்):
முர்ரா ரக எருமை, மூன்றாம் ஈற்று, கன்று போட்டு 70 நாள். சித்திரை பிறந்ததிலிருந்து பால் 9 லிட்டரிலிருந்து 7 ஆகிவிட்டது. கொழுப்பு 7.2 இருந்தது, இப்போது 6.1. படுத்திருக்கும்போதும் அசை போடுவது குறைவு. அடர் தீவனம் 5 கிலோ, காலை 6-க்கும் மாலை 5-க்கும். கோ-4 புல் 20 கிலோ. வைக்கோல் காலை 10 மணிக்கு, பாதி மிச்சம். மதியம் 2 மணிக்கு ரத்தம் எடுத்து மாலை லேபில் கொடுத்தோம்: குளுக்கோஸ் (ரத்தச் சர்க்கரை) 36, பாஸ்பரஸ் 6.8 (இரண்டும் மி.கி./டெசிலிட்டர்). லிவர் டானிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

லேப்காரன்:
எந்தக் குழாயில் எடுத்தார்கள்? சிவப்பு மூடி (சர்க்கரையைக் காக்கும் மருந்து இல்லாத குழாய்) என்றால் அந்த 36-ஐ மறந்துவிடுங்கள். குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் போகும், சித்திரை வெயிலில் இன்னும் வேகம். பாஸ்பரஸ் நேர்மாறு: உறைந்த ரத்தத்தின் மேலேயே சீரம் (பிரிந்து நிற்கும் தெளிநீர்) நின்றால் அணுக்களிலிருந்து கசிந்து ஏறிவிடும். ஆக 6.8-ம் நம்பும்படி இல்லை.

விடியற்காலை, தீவனம் வைக்கும் முன், மாட்டை விரட்டாமல் எடுங்கள். குளுக்கோஸுக்குச் சாம்பல் மூடி குழாய்; அதிலுள்ள ஃபுளோரைடு, அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். மற்றதற்கு ஒரு மணி நேரத்துக்குள் சீரம் பிரிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் குழாய் நேரடியாக ஐஸில் படக்கூடாது, அணு உடைந்துவிடும்.

தீவனத் தொட்டி:
குழாய்ச் சங்கதி போக, மாட்டின் அறிகுறி நிஜம்தான். எருமைக்குத் தோல் கறுப்பு, வியர்வைச் சுரப்பி பசுவைவிட மிகக் குறைவு. வேறு வழியில்லாமல் மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ளும். அப்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, ரத்தம் காரத்தன்மைக்குப் போகும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை (புளிப்பை அடக்கும் காரச் சரக்கு, எச்சிலிலும் இருப்பது) வெளியேற்றிவிடும். அசை குறைவதால் எச்சிலும் குறைவு, ஊறும் எச்சிலிலும் கொஞ்சம் வாயோரம் ஒழுகி வீண். முதல் வயிற்றின் புளிப்பை அடக்க வேண்டிய சரக்கு அங்கே போய்ச் சேருவதில்லை. வைக்கோலை ஒதுக்கிவிட்டு அடர் தீவனத்தை மட்டும் தின்றால் புளிப்பு இன்னும் ஏறும், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர் தளரும், பால் கொழுப்புக்கு மூலப்பொருளான அசிடேட் குறையும், கொழுப்பு இறங்கும்.

கோடையில் செரிமானமே கெட்டுவிடுகிறது என்பது பாதி உண்மை. குறைவாகத் தின்பதால் தீவனம் உள்ளே கூடுதல் நேரம் தங்கும்; செரிக்கும் விகிதம் சற்றுக் கூடக்கூட வாய்ப்புண்டு. உள்ளே போகும் அளவு குறைவதுதான் சிக்கல்.

10 மணி வைக்கோலை நிறுத்துங்கள். நாள் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாலை 6-க்கும் காலை 6-க்கும் இடையில் போகட்டும். முதலில் வைக்கோலும் நறுக்கிய புல்லும், பிறகு அடர் தீவனம், அதுவும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. 11 முதல் 3 மணி வரை குட்டையில் இறக்குங்கள், இல்லையேல் தண்ணீர் தெளித்து மின்விசிறி போடுங்கள். தண்ணீர் நிழலில், நாள் முழுக்க. புளிப்பை அடக்க நாளுக்கு ஆப்ப சோடா 100 கிராம், கூடவே தாது உப்புக் கலவை 50 கிராம். டானிக் காசை மின்விசிறிக்குப் போடலாம்.

கேள்வி கேட்டவர்:
சோடாவை 200 கிராமாக ஒரே வேளை தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா?

தீவனத் தொட்டி:
வேண்டாம் ஐயா. வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். 25 கிராமில் தொடங்கி நாலைந்து நாளில் 100-க்கு ஏற்றி, அடர் தீவனத்தில் பிசறி இரு வேளையாக வையுங்கள். ஈனப்போகும் எருமைக்குக் கடைசி 3 வாரம் சோடாவே கூடாது. ஈன்றதும் சுண்ணாம்புச்சத்து இறங்கிப் பால் காய்ச்சல் வரலாம்.

லேப்காரன்:
பாஸ்பரஸை ஐப்பசிக்கு முன் ஒருமுறை திரும்பப் பாருங்கள். கோடை முழுக்க வைக்கோலே தின்ற எருமைக்கு அது குறைந்திருக்கலாம். தவிடு சேர்த்தால் ஓரளவு ஏறும். மிகவும் இறங்கினால் ரத்த அணு உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், பெரும்பாலும் நிறைசினையிலோ ஈன்ற சில வாரத்திலோ. அந்தச் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நிற்க வையுங்கள். அடியில் சிவப்பு தங்கினால் ரத்தப்போக்கு; தங்காமல் முழுக்க ஒரே நிறம் என்றால் அணு உடைந்தது. கூடவே காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாஸ்பரஸ் தரும் சோடியம் ஆசிட் பாஸ்பேட் மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றுவது அவர் வேலை.