லென்ஸுக்குள் பூஞ்சை: கோவைப் பக்கம் பிரித்துச் சுத்தம் செய்பவர் உண்டா?

வால்பாறையில் இருக்கிறேன். கேமராவோடு சேர்ந்து வந்த என் 18-55 மி.மீ. கிட் லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடுகிறது. வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப் போகிறது. தேயிலைச் சரிவும் அதன்மேல் நிற்கும் மூடுபனியும் ஒரே சாம்பல். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் பரவாயில்லை. கேமரா பழைய 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். வேறு லென்ஸ் மாட்டினால் படம் தெளிவாக விழுகிறது.

தொடங்கியது இந்தத் தென்மேற்குப் பருவமழையில். ஜூன் வந்தால் துவைத்த துணியே காயாத ஊர் இது.

ப்ளோயர், மைக்ரோஃபைபர் துணி எல்லாம் வெளிக்கண்ணாடியோடு சரி. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தேன். ஈரம் குடித்து அதன் நீல மணிகள் இளஞ்சிவப்பானதுதான் மிச்சம். வெயில் எட்டிப் பார்த்த நாட்களில் ஜன்னலோரம் வைத்தேன். பரவுவது நின்ற மாதிரி தெரிகிறது, ஏற்கெனவே இருப்பது போகவில்லை. அப்புறம் கோவையில் ஒரு கடையில் காட்டினேன். "புதுசு வாங்கிடுங்க" என்றார்கள்.

வாங்கலாம்தான். ஆனால் தினமும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி என்று ஒரு படம் எடுத்து வைப்பது என் பழக்கம். குழாயில் வந்த தண்ணீர், டீக்கடை ஆவி, ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒழுங்காக வந்து சேர்ந்த பஸ். எல்லாம் இந்த லென்ஸில் எடுத்தவை. தூக்கிப் போட மனசு வரவில்லை.

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் லென்ஸைப் பிரித்து, உள்ளே துடைத்து, ஃபோகஸ் மாறாமல் பூட்டிக் கொடுக்கும் ஆள் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?