பழைய ஸ்லாட் கார் (தடத்துப் பள்ளத்தில் ஓடும் மின்சாரப் பொம்மைக் கார்) மோட்டாரில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

தடக்காரன்:
நியூ ஜெர்சி பழம்பொருள் சந்தையில் கிடைத்த மபூச்சி 36டி மோட்டார். யாரோ 1960களில் கையால் காயில் கட்டியது. டப்பா மேல் ஆணியால் '55/29' என்று கீறியிருந்தது. 29 கேஜ் (தடிமன் எண்) கம்பியில் 55 சுற்று. 3 வோல்ட்டில் அழகாக ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பையன் ஆசையாகப் பார்த்தான், 12 கொடுத்தேன். சத்தம் ஏறி ஏறி விசில் மாதிரி ஒரு நொடி நின்றது. அப்புறம் 'டக்'. வார்னிஷ் கருகிய வாடை. திறந்தால், ஆர்மேச்சரில் (கம்பி சுற்றிய சுழலும் பகுதி) ஒரு துருவத்துக் கம்பி முழுக்கப் பிதுங்கி, சீப்பில் சிக்கிய முடி மாதிரி காந்தத்தில் மாட்டிக் கிடந்தது. கம்பியை இறுக்கிப் பிடிக்கும் எபாக்சிப் பசையே பூசவில்லை. மற்ற இரண்டு துருவத்திலும் கம்பியை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருந்தார் அந்த மனுஷன்! மனசே ஆறவில்லை.

செம்புக்கம்பி:
எபாக்சிதான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? என் 16டி மோட்டாரில் முதலில் விட்டது, காம்யூட்டேட்டரில் (சுருளுக்கு மின்சாரம் வாங்கும் செம்பு வளையம்) கம்பி முனையைப் பற்றவைத்த ஈயம். சூட்டில் இளகித் தெறித்து, டப்பா உள்சுவரில் வரிசையாக வெள்ளிப் பொட்டு. முனை விடுபட்ட பிறகுதான் கம்பி பிரிந்தது. உங்கள் டப்பாவின் உள்ளே பாருங்கள்.

பழைய இரும்பு:
என் கதை சின்னது. பிட்மேன் டிசி-65 மோட்டாரைச் சுத்தம் செய்ய ஆர்மேச்சரை உருவினேன். திரும்ப மாட்டியதும் காரில் இழுவையே இல்லை. ஸ்க்ரூடிரைவரை லபக்கென்று இழுத்த காந்தம், அன்றைக்குச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது.

அது அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம். ஆர்மேச்சர் வெளியே வரும்போதே காந்தத்தின் இரு துருவத்துக்கும் குறுக்கே இரும்புத் துண்டு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலம் இறங்கிவிடும். போனதை மறுபடி காந்தமேற்றித்தான் மீட்க முடியும். தடக்காரன் சார், மறுபடி கட்டினால் எபாக்சி போட்டுக் காய்ந்தபின் பேலன்ஸ் பாருங்கள். இரண்டு பிளேடு விளிம்பில் தண்டை வைத்தால் கனமான துருவம் கீழே வந்து நிற்கும். அங்கே லேசாகத் துளைத்துக் குறைக்கலாம். காம்யூட்டேட்டரில் உரசும் புது கார்பன் பிரஷ் வளைவாகப் பதியும்வரை 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள். எண்ணெய், தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு போதும், காம்யூட்டேட்டரில் படவே கூடாது.

தடக்காரன்:
செம்புக்கம்பி, பார்த்துவிட்டேன். உள்சுவரில் ஒரு பொட்டும் இல்லை, ஈயம் மூன்று இடத்திலும் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு நானும் பையனும் நல்ல துருவம் ஒன்றைப் பிரித்து எண்ணினோம். சரியாக 55.