வெள்ளைப் பறவைகளின் இறகு விவரம் படத்தில் மறைவது ஏன்?

கேள்வி: வேடந்தாங்கலில் ஜனவரி மாதக் காலை வெயிலில், 400 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகம் 1/640 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) என வைத்துக் கரண்டிவாயன்களை எடுத்தேன். கரும்பச்சை மரங்களின் முன் பறக்கும்போது இறகுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றன. இறக்கை நுனியும் கலங்கியிருக்கிறது. லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருளில் ஹைலைட்ஸை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, குறைத்தும் பயனில்லை. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1: இருண்ட பின்னணியைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, ஐயா. மேனுவலில் (அளவுகளை நாமே அமைக்கும் முறையில்) ஐஎஸ்ஓவையும் நிலையாக வைத்து, வெயிலில் அமர்ந்திருக்கும் வெள்ளைப் பறவை ஒன்றைச் சோதனையாக எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால், அது மரத்தின் முன் பறந்தாலும் வானத்தின் முன் பறந்தாலும் இறகு கெடாது. மேகம் மறைத்தால் மட்டும் மீண்டும் சரிபாருங்கள். இறக்கை நுனி கலங்காமல் இருக்க, பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியாவது வேண்டும்.

மறுமொழி 2: கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்தீர்களோ? கேமரா பதிந்த தரவை அப்படியே வைக்கும் ரா கோப்பில் ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நான் முதலில் இரைச்சலை (படத்தில் தெரியும் புள்ளிகளை) நீக்கிவிட்டு, கூர்மையைக் கடைசியில், பறவையின் மேல் மட்டும் கூட்டுவேன். வானத்தைக் கூர்மையாக்கி யாருக்கு என்ன லாபம்?

கேட்டவர்: ஜேபெக்தான், ஒப்புக்கொள்கிறேன். கருநிற நீர்க்காகத்துக்கும் இதே வெளிச்ச அளவு போதுமா?

மறுமொழி 1: போதாது. அதே வெயிலில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள்.