பிபி 110 இருந்தது, ரெண்டு மணி நேரத்துல ஷாக் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாம போற நிலை). நான் எதைக் கோட்டை விட்டேன்?

பாலக்கோடு நைட் டியூட்டி:
சின்ன ஆஸ்பத்திரி, கேஷுவாலிட்டியில நர்ஸ். போன வாரம் ராத்திரி ஒரு பெரியவர் வந்தார். தக்காளித் தோட்டத்துல கூலி வேலை, சுகர் உண்டு. மூணு நாளா காய்ச்சல்னு மருமகள் கூட்டிட்டு வந்தாங்க. பிபி 110/70, ஜுரம் 99தான். மாத்திரை கொடுத்து பெஞ்சில உட்கார வெச்சேன். “காலையிலிருந்து பேரனைப் பேர் மாத்திக் கூப்பிடறார் சிஸ்டர்”னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டேன். திரும்பப் பார்த்தப்போ பிபி 70. வேட்டியை விலக்கினா முழங்காலுக்குக் கீழே சீழ் வெச்ச புண். 108ல தர்மபுரிக்கு அனுப்பினோம். எங்ககிட்ட லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதலைன்னா ரத்தத்துல ஏறற பொருள்) பார்க்க வசதி இல்லை. கண்ணை, கையை வெச்சே செப்சிஸை (தொற்று முத்தி உறுப்புகளைப் பாதிக்கறதை) முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓசூர் எமர்ஜென்சி டாக்டர்:
பேர் மாத்திக் கூப்பிட்டதுதான் முதல் எச்சரிக்கை மணி, சிஸ்டர். பிபி கடைசியிலதான் விழும். அதுவரைக்கும் ரத்தக்குழாய் சுருங்கி, இதயம் வேகமா அடிச்சு முட்டுக் கொடுக்கும். அதனால பல்ஸையும் பிபியோட மேல் எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பல்ஸ் அதைத் தாண்டினா ஆபத்து. மூச்சை முழு நிமிஷம் எண்ணுங்க, 22 வந்தாலே உஷார். (கேஸ் ஷீட்ல ஊருக்கெல்லாம் 20தான், எண்ணினவங்க யாரு?) விரல் நுனியை 10 செகண்ட் அழுத்தி விடுங்க. வெளுப்பு மாற 3 செகண்டுக்கு மேல ஆனா சரியில்லை. சிகிச்சை போற வழி சரியான்னு பார்க்க, 2019ல ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு இதை லாக்டேட்டோட மோதவிட்டது. விரல் ஒண்ணும் சளைக்கலை. ஷாக்னு சந்தேகம் வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் போயாகணும். டாக்டர்கிட்ட கேட்டு முதல் டோஸும் ட்ரிப்பும் அங்கேயே ஆரம்பிங்க, வண்டிக்குக் காத்திருக்காதீங்க.

கிருஷ்ணகிரி ரிட்டயர்டு நர்ஸ்:
பழைய சீட்டு பார்த்தியாம்மா? வழக்கமா 160 இருக்கிற ஆளுக்கு 110ங்கறதே விழுந்த பிபி. இன்னொண்ணு, அஞ்செட்டி காட்டுப் பக்கத்துக் காய்ச்சல்னா அக்குள், தொடையிடுக்கு பார்க்காம விடாதே. பீடியில சுட்டாப்பல கறுப்புப் பொருக்கு இருந்தா ஸ்க்ரப் டைபஸ், சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். வழக்கமா போடற ஊசிக்கு அது மசியாது, டாக்ஸிசைக்ளின் வேணும்.

பாலக்கோடு நைட் டியூட்டி:
அக்கா, மருமகள் மஞ்சப் பையில சீட்டு இருந்திருக்கு, பிபி 150/90னு. நான் கேட்கவே இல்லை. பெரியவர் ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துட்டாராம். இப்பதான் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன் டாக்டர். பல்ஸ் 118. மூச்சு 20, என் கையெழுத்துதான். எண்ணலை.