பழைய தோல் பையைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்
போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் 400 ரூபாய்க்கு ஒரு பழைய தோல் பை வாங்கினேன். அசல் தோல், தையல் ஒன்றுகூட விடவில்லை, ஆனால் மடிப்பு விழும் இடமெல்லாம் வறண்டு மயிரிழை போல வெடித்திருக்கிறது, உள்ளே பூஞ்சை வாடை வேறு. ஈரத்துணியால் துடைத்து நிழலில்தான் காயவைத்தேன், வெயில் பட்டால் தோல் இன்னும் விறைத்துவிடும். அப்புறம் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், அந்த இடம் கறுத்தது கறுத்ததுதான், முழுக்கத் தடவப் பயமாக இருக்கிறது. தேன்மெழுகு கலந்த பூச்சு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, நிறம் மாறியதா? பெரியமேட்டுக் கடைகளில் தோல் சாயம் சின்ன டப்பாவில் கொடுப்பார்களா? வாடைக்குச் சமையல் சோடாவைத் துணியில் முடிந்து வைத்தேன், பாதிதான் குறைந்தது. அப்பா வேலைக்குக் கொண்டுபோன பை அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், இதைத் தூக்கிப் போட மனசே வராது.