டியூப் டிவி "கீய்ங்"னு கத்தினா எல்.ஓ.டி போச்சாம்! யாரு சொன்னது?

பட்டறை_அண்ணாச்சி:
வீடியோ கேம் ஆட பழைய டிவி வாங்குற பசங்களுக்கு ஒருத்தர் நேத்து இங்க அட்வைஸ் குடுத்திருக்காரு, கீய்ங்னு கேட்டா எல்.ஓ.டி (டியூபுக்கு ஹை வோல்டேஜ் குடுக்குற லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) காலி, உடனே மாத்துன்னு. யோவ், நம்மூரு பால் (PAL) டிவி சிஸ்டத்துல 625 லைன், செகண்டுக்கு 25 ஃபிரேம், பெருக்கிப் பாரு, 15,625. படத்தைக் கோடு கோடா வரையுற லைன் ஸ்டேஜ் ஓடுறதே அந்த ஹெர்ட்ஸ்லதான், நல்ல செட்டும் லேசா கத்தத்தான் செய்யும்.

பிக்சல்_பைத்தியம்:
சொன்னது நான்தான். எல்.ஓ.டி மாத்தினேன், சத்தம் போச்சு. அவ்ளோதான்.

பட்டறை_அண்ணாச்சி:
வந்துட்டாரு, கெப்பாசிட்டர் திரியில உளறின அதே ஆளு. மாத்துறப்ப யோக்கை (டியூப் கழுத்துல இருக்குற காயில்) அசைச்சியா, பழைய சால்டரிங்கை திரும்ப வச்சியா, எதனால போச்சுன்னு எப்படித் தெரியும்? மொதல்ல பிரைட்னஸை ஏத்தி இறக்கு. சுதி மாறுச்சுன்னா எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) பக்கம் பாரு, ஃபில்டர் கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும். மாறலைன்னா லைன் பக்கம்தான், எல்.ஓ.டி கோர் லூசா, டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரா, யோக்கோட ரப்பர் ஆப்பு விழுந்துடுச்சான்னு நீளமான பிளாஸ்டிக் குச்சியால மெதுவா அழுத்து, எதைத் தொட்டா அடங்குதோ அதான் கள்ளன். உள்ள 20,000 வோல்ட்டுக்கு மேல இருக்கு, தொழில் தெரியாதவன் கைய விடாத.

பிக்சல்_பைத்தியம்:
குச்சி வச்சு குத்துறதுக்குப் பேரு டெஸ்ட்டிங்கா? 😂 எல்.ஓ.டி மாத்தினேன், சத்தம் போச்சு.

ஓரமா_ஒருத்தன்:
அண்ணாச்சிக்கு வயசென்ன? நாப்பது தாண்டினா நிறைய பேருக்கு 15 கிலோஹெர்ட்ஸ் காதுலயே விழாது. கேக்காத சத்தத்துக்கு இவரு டாக்டரா?

பட்டறை_அண்ணாச்சி:
கேக்காதுதான். போன்ல சத்தத்தோட ஹெர்ட்ஸைக் காட்டுற ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டா 15.6 கிலோஹெர்ட்ஸ்ல கோடு நட்டமா நிக்குது, அதுக்கு இளங்காது எதுக்கு?

மதுர_மைனர்:
எங்க வீட்டுல 2006 எலக்ஷன்ல சொல்லிக் குடுத்த இலவச கலர் டிவி இன்னும் ஓடுது, ஒரு சத்தம் கிடையாது.

ஓரமா_ஒருத்தன்:
ஆரம்பிச்சிட்டாருப்பா கட்சிக்காரரு.

மதுர_மைனர்:
டிவியச் சொன்னா கட்சியா? உன் புரொஃபைல் படத்துல இருக்குறது யாராம்?

குட்டி_கன்சோல்:
என் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கத்தவே கத்தாதே, ஏன்?

பட்டறை_அண்ணாச்சி:
விஜிஏ மானிட்டரோட லைன் ஓடுறது 31 கிலோஹெர்ட்ஸ்ல தம்பி, நாய்க்குத்தான் கேக்கும். டிவில கோர் லூசா இருந்தா வார்னிஷ் விட்டு காயவிடு, யோக்குக்கு சிலிகான். வினிகர் வாசம் அடிக்குற சிலிகான் மட்டும் வேணாம், காப்பரை அரிச்சிடும். எல்.ஓ.டியத் தேடி அலைய வேணாம்.

பிக்சல்_பைத்தியம்:
நான் மாத்தினேன். போச்சு.

பட்டறை_அண்ணாச்சி:
புது எல்.ஓ.டி போட்டா ஸ்கிரீன் வோல்டேஜும் ஃபோகஸும் திரும்ப செட் பண்ணணும், பண்ணியா? போர்டு போட்டோ போடு பாப்போம்.

பிக்சல்_பைத்தியம்:
உங்களுக்கு எதுக்குய்யா போட்டோ? நீங்க மொதல்ல உங்க குச்சிய போட்டோ எடுத்துப் போடுங்க.